கனகாம்பரம் ஒவ்வொன்றாக வாடுகிறது, மாடியில் இருப்பது வெளுக்கிறது, என்ன செய்யலாம்?

காவிரிக்கரை:

வணக்கம். நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். மதில் ஓரமாக ஒரு நீளப் பாத்தியில் டெல்லி கனகாம்பரம் வைத்திருக்கிறேன். போன வருடம் முழுக்க வீட்டுச் சாமிக்கும் தலைக்கும் குறையில்லாமல் பூத்தது. இந்தக் கோடையில் இருந்து ஒவ்வொரு செடியாக வாடுகிறது. மண் ஈரமாகத்தான் இருக்கும், ஆனாலும் மத்தியானம் தலை தொங்கிவிடும், சாயங்காலம் கொஞ்சம் நிமிரும், அப்புறம் ஒருநாள் நிமிராமல் அப்படியே காய்ந்துவிடும். அது போனதும் பக்கத்துச் செடி ஆரம்பிக்கும். இலையெல்லாம் சிறுத்து, வெளிறி, ஓரத்தில் ஊதா கலந்த மாதிரி ஆகிவிட்டது.

மாடியில் பைகளில் இருப்பவை வாடவில்லை. ஆனால் புதிதாக வருகிற இலைகள் மஞ்சளாகவே வருகின்றன, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. இரண்டு இடத்துக்கும் போர் தண்ணீர்தான். எதிர்வீட்டு அக்கா எப்சம் உப்பு போடச் சொன்னார், உரக்கடையில் டிஏபி கொடுத்தார்கள். இங்கே கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று இரண்டையும் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்தச் செடியில் விதையே பிடிப்பதில்லை. கதிர் காய்ந்ததும் உதிர்த்துப் பார்த்தால் வெறும் சருகுதான். அம்மா வீட்டில் இருந்த பழைய ஆரஞ்சுக் கனகாம்பரம் மழை பெய்தால் தானாக வெடித்து அடியெல்லாம் முளைத்துக் கிடக்கும். அந்த மாதிரிச் செடியும் போட ஆசை. விதை எப்படி எடுப்பது, எப்படி முளைக்க வைப்பது, முழு வெயிலா நிழலா, தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

செம்மண்காடு:

தங்கச்சி, டிஏபியை அப்படியே ஓரமாக வையுங்கள். நீங்கள் சொல்கிற அடையாளம் பசிக்கு வருகிறது இல்லை, வேரில் வருகிறது. நிலக்கோட்டைப் பக்கம் கனகாம்பரம் போடுகிற எங்களுக்கு இது நன்றாகப் பழகின தொல்லை. காட்டில் ஒரு இடத்தில் வட்டமாகச் சொட்டை விழும், அந்த வட்டத்தில் செடியெல்லாம் குட்டையாக நிற்கும், இலை சிறுத்து வெளிறி ஊதா பாயும், தண்ணீர் விட்டாலும் உச்சி வெயிலுக்கு வாடும், அப்புறம் வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். நூற்புழு. கண்ணுக்குத் தெரியாது, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, வேருக்குள் புகுந்து தின்றுகொண்டே நகரும். அது போட்ட காயத்தின் வழியாக மண்ணில் இருக்கிற வாடல் பூஞ்சையும் உள்ளே போய்விடும். இரண்டும் சேர்ந்தால் செடி தப்பிப்பது கஷ்டம். கனகாம்பரத்துக்கு இவ்வளவு பெரிய எதிரி வேறெதுவும் கிடையாது, அசுவினியும் மாவுப்பூச்சியும் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஆனால் நான் இங்கிருந்து சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம். இப்போது வாட ஆரம்பித்திருக்கிற ஒரு செடியை (முழுக்கக் காய்ந்ததை எடுக்காதீர்கள், அதில் ஒன்றும் தெரியாது) மண்ணோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் வேரை ஊறவைத்து மெல்ல அலசிப் பாருங்கள். நல்ல வேர் வெளிர் நிறமாக, சல்லி வேர் நிறைய இருக்கும். பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாகக் காயம் இருந்து, சல்லி வேர் எல்லாம் போய், மொட்டையாக நாலு வேர் மட்டும் நின்றால் வேர்க்காய நூற்புழுதான். வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு, வேறு வகை, செய்கிற வேலை ஏறக்குறைய ஒன்றுதான். தண்டின் அடியைக் கத்தியால் சீவிப் பாருங்கள், உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் பூஞ்சையும் ஏறிவிட்டது என்று அர்த்தம். இதெல்லாம் இல்லாமல் வேர் முழுக்கக் கொழகொழவென்று அழுகி நாற்றம் அடித்தால் தண்ணீர் தேங்குகிறது, பாத்தியை மேடாக்க வேண்டும்.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் உங்களுக்குப் பக்கத்தில் சிறுகமணியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, வேரும் மண்ணும் ஈரத்தோடு ஒரு பையில் கட்டிக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள்.

முதலில் ஒன்று செய்யுங்கள். வாடின செடிக்கு விட்ட தண்ணீர் அடுத்த செடிக்கு ஓடாமல் அடைத்துவிடுங்கள், அங்கே கொத்தின களைக்கொத்தை மற்ற இடத்தில் கழுவாமல் பயன்படுத்தாதீர்கள். நூற்புழு தானாக அதிக தூரம் போகாது, நாம்தான் தண்ணீரிலும் மண்வெட்டியிலும் ஏற்றிக் கொண்டுபோய் விடுகிறோம்.

மொட்டைமாடி:

கீழே இருக்கும் செடிக்கு அண்ணன் சொன்னதுதான் சரி. மாடியில் இருப்பது முற்றிலும் வேறு பிரச்சினை, அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

புது இலை மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புச் சத்து போகவில்லை. எப்சம் உப்பில் இருப்பது மெக்னீசியம், அது குறைந்தால் கீழே இருக்கும் பழைய இலைதான் முதலில் மஞ்சளாகும். தழைச்சத்து குறைந்தாலும் பழைய இலைதான். எந்த இலை முதலில் வெளுக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும், அதைப் பார்க்காமல் எல்லா மஞ்சளுக்கும் எப்சம் உப்பு என்று சொல்லிச் சொல்லியே நிறைய செடிகளைக் கெடுத்து வைத்திருக்கிறோம். பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும், போர் தண்ணீரின் சுண்ணாம்பு பையில் சேர்ந்து சேர்ந்து மண் காரத்தன்மைக்குப் போயிருக்கும், அந்த நிலையில் வேரால் இரும்பை எடுக்க முடியாது. பையின் ஓரத்தில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கிறதா பாருங்கள்.

உடனடியாகப் பச்சை திரும்ப அன்னபேதி போதும். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி, உரக்கடையில் ஃபெரஸ் சல்பேட், இரண்டும் ஒன்றுதான், உரக்கடையில் வாங்குவது மலிவு. லிட்டருக்கு 5 கிராம், அதில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டு, வெயில் இறங்கின பிறகு இலையின் இரண்டு பக்கமும் நனைகிற மாதிரி தெளியுங்கள். கலந்த உடனே தெளிக்க வேண்டும், துருப்பிடித்த நிறத்துக்கு மாறிவிட்டால் அதில் பலன் இல்லை. பூவில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கறை விழும். புது இலை பச்சையாக வரும்வரை இடைவெளி விட்டுத் தெளித்தால் போதும். ஏற்கெனவே வெளுத்துப்போன இலை முழுசாகத் திரும்பாது, அதைப் பார்த்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிட வேண்டாம், இலை கருகிவிடும்.

நிரந்தர வழி மண்ணை மாற்றுவதுதான். செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, உப்புப் போகக் கழுவின தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. மழைத் தண்ணீர் பிடித்து வைக்க முடிந்தால் இந்தச் செடிக்கு முதலில் கொடுங்கள். செலேட் (வேர் எடுக்கிற நிலையிலேயே இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் உரம்) வாங்குவதாக இருந்தால் ஈடிடிஏ (EDTA) வகை காரமான மண்ணில் சீக்கிரம் பலன் இழந்துவிடும், ஈடிடிஹெச்ஏ (EDDHA) வகைதான் நிற்கும், விலை கொஞ்சம் கூடுதல். மதில் ஓரப் பாத்தியிலும் இதைக் கவனிக்க வேண்டும், வீடு கட்டின மிச்சச் சிமெண்டும் சுண்ணாம்புக் காரையும் அங்கேதான் புதைந்து கிடக்கும்.

வெயில் பற்றி: முழு வெயிலில் வளரும், பூக்கும், ஆனால் சென்னை திருச்சி மாடி வெயில் வேறு மாதிரி, தரையில் இருந்தும் சுவரில் இருந்தும் சூடு அடிக்கும். காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில், அல்லது முருங்கை மாதிரி மெல்லிய நிழலில் வைத்தால் பூவின் நிறம் அடர்த்தியாக இருக்கும், இலையும் பளபளப்பாக நிற்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காட்டில் மரத்தடியில் வளர்ந்த செடிதானே, அதற்கு இந்த அரை நிழல் புதிதில்லை.

செம்மண்காடு:

நிழல் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நிறம் நன்றாக வரும் என்பது உண்மைதான், ஆனால் நிழல் கூடினால் செடி நெட்டையாக ஓடும், கதிர் குறையும். விற்பனைக்குப் போடுகிற நாங்கள் திறந்த வெளியில்தான் போடுகிறோம். வீட்டுக்கு என்றால் காலையில் ஒரு நாலு மணி நேரமாவது நேர் வெயில் கிடைக்கிற இடமாகப் பாருங்கள், அதற்குக் குறைந்தால் இலைதான் மிஞ்சும்.

காவிரிக்கரை:

இருவருக்கும் ரொம்ப நன்றி. சொன்னபடி ஒரு செடியைத் தோண்டி அலசிப் பார்த்தேன். முடிச்சு இல்லை. வேர் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கிறது, சல்லி வேர் பாதிக்கு மேல் இல்லை. தண்டைச் சீவிப் பார்த்ததில் அந்தச் செடியில் கோடு இல்லை, ஆனால் பக்கத்தில் முழுக்க வாடினதில் லேசாகப் பழுப்பு தெரிகிறது. மாடிப் பைகளில் வெள்ளைப் பொரிவு நிறைய இருக்கிறது, அன்னபேதி வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.

இனி அந்தப் பாத்தியில் கனகாம்பரமே வைக்க முடியாதா? மிச்சம் இருக்கும் செடிகளைக் காப்பாற்ற வழி உண்டா? ஒருவர் குருணை மருந்து போட்டால் போய்விடும் என்கிறார். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பூவைத் தலையிலும் வைக்கிறோம், அதனால் யோசனையாக இருக்கிறது.

நாற்றுப்பண்ணை:

குருணை வேண்டவே வேண்டாம் அம்மா. முன்பு கனகாம்பரத்துக்குப் பரவலாகப் போட்ட போரேட் குருணை 2020 இறுதியோடு இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது, கடுமையான விஷம். பிள்ளைகள் விளையாடுகிற வீட்டு வாசலில் அந்த ரக மருந்து எதற்கும் இடம் இல்லை. கடையில் பழைய சரக்கு என்று யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

செடியைக் காப்பாற்றுவதை விட ரகத்தைக் காப்பாற்றுவது எளிது, அதில்தான் முதலில் கை வையுங்கள். நூற்புழு வேரில்தான் இருக்கிறது, கிளை நுனியில் இல்லை. இன்னும் தெம்பாக நிற்கிற செடிகளில், தண்டில் பழுப்புக் கோடு இல்லாததாகப் பார்த்து, தரையில் படாத மேல் கிளையில் இருந்து விரல் நீளத்துக்கு நுனித் துண்டு வெட்டுங்கள். இரண்டு மூன்று கணு இருக்க வேண்டும். கதிர் இருந்தால் கிள்ளிவிடுங்கள், கீழ் இலைகளை எடுத்துவிட்டு மேலே இரண்டு ஜோடி மட்டும் வையுங்கள், இலை பெரிதாக இருந்தால் பாதியாகக் கத்தரித்துவிடலாம். கழுவின நார்க்கழிவும் மணலும் சம அளவு கலந்து அதில் ஊன்றி, நிழலில், மேலே ஒரு கண்ணாடிக் கவர் மூடி ஈரப்பதம் காத்தால் மூன்று நாலு வாரத்தில் வேர் பிடித்துவிடும். பழைய பாத்தி மண்ணை ஒரு சிட்டிகைகூட அதில் கலக்கக் கூடாது. புது வேர் வந்ததும் புது மண்ணில் பையில் வளருங்கள், அவசரப்பட்டு மதில் ஓரம் கொண்டுபோய் நட வேண்டாம்.

டெல்லி கனகாம்பரத்தில் விதை வராததும் இதோடு சேர்ந்த விஷயம்தான். அது மும்மய ரகம், அதாவது குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று. அதனால் மலடு. எத்தனை கதிர் காயவிட்டாலும் விதை கிடைக்காது, எங்கே பார்த்தாலும் தண்டுத் துண்டு ஊன்றி வளர்ப்பதுதான். உங்களிடம் தவறு எதுவும் இல்லை. நர்சரியில் டெல்லி வாங்கும்போது பையைக் கவிழ்த்து வேரைப் பார்க்காமல் வாங்காதீர்கள், நூற்புழு பெரும்பாலும் அந்தப் பை மண்ணோடுதான் வீட்டுக்கு வருகிறது. எங்கள் பண்ணையில் கேட்கிறவர்களுக்கு நாங்களே கவிழ்த்துக் காட்டுகிறோம், காட்ட மறுக்கிற இடத்தில் வாங்க வேண்டியதில்லை.

பாத்தியைப் பற்றி. வாடின செடிகளை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அப்புறம் அந்த இடம் முழுக்கச் செண்டுமல்லி (துலுக்கச் சாமந்தி என்கிறோமே அதுதான்) நெருக்கமாகப் போடுங்கள். அதன் வேரில் இருக்கிற ஆல்பா டெர்தியினைல் என்ற பொருள் இந்த வேர்க்காய நூற்புழுவை நன்றாகவே அடக்கும். ஓரமாக நாலு செடி வைத்தால் போதாது, பாத்தி முழுக்க அதன் வேர் நிறைய வேண்டும், குறைந்தது மூன்று நாலு மாதம் நிற்க வேண்டும், நடுவில் களைச்செடி எதுவும் இருக்கக் கூடாது, நூற்புழு அந்தக் களையில் உயிர் பிழைத்துக்கொள்ளும். பூவையும் பறித்துக்கொள்ளலாம். முடிந்ததும் செடியை அங்கேயே மடக்கிக் கொத்திவிடுங்கள்.

அடுத்த சித்திரை வைகாசியில் பாத்தியைக் கொத்தி, நன்றாக நனைத்து, கண்ணாடி மாதிரி வெளிச்சம் போகிற பாலித்தீன் தாளை இறுக்கமாக விரித்து, ஓரத்தை மண்ணால் மூடி, நாலு முதல் ஆறு வாரம் விடுங்கள். கறுப்புத் தாள் இந்த வேலைக்கு அவ்வளவாக உதவாது, சூடு மண்ணுக்குள் இறங்க வேண்டும். திருச்சி வெயிலுக்கு இது நல்ல வைத்தியம். பிறகு சதுர மீட்டருக்குக் கால் கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து நடுங்கள், உடனே நட்டால் புண்ணாக்கின் சூடு இளம் வேரைச் சுடும். தொழுவுரத்தில் டிரைகோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்களைக் கலந்து ஈரமாக மூடிவைத்துப் போட்டால் வாடல் பூஞ்சைக்குக் கட்டுப்பாடு கிடைக்கும். நூற்புழுவை முழுசாக ஒழிக்க முடியாது, செடி தாங்குகிற அளவுக்குக் குறைக்க முடியும். கனகாம்பரம் நல்ல மண்ணிலேயே இரண்டு மூன்று வருடம்தான் நிறைவாகப் பூக்கும், அதற்குப் பிறகு இடம் மாற்றி நடுவதை வழக்கமாக்கிக்கொண்டால் இந்தத் தொல்லை இவ்வளவு முற்றாது.

இப்போது விதைச்செடி. பழைய ஆரஞ்சு ரகம் இன்னும் கிராமத்து வீடுகளில் இருக்கிறது, சொந்தக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், அதை அழிய விடக் கூடாது. மஞ்சளில் லூட்டியாவும், சிவப்பில் செபாகுலிசும் உண்டு. பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அம்பரா, அர்கா கனகா ரகங்களும் நன்றாக இருக்கும். பச்சைக் கனகாம்பரம் என்று நீலப் பச்சை நிறத்தில் ஒன்று விற்பார்கள், அது இதே குடும்பம்தான், ஆனால் வேறு செடி. டிசம்பர் பூவும் ஆடாதொடையும் நிலவேம்பும்கூட அந்தக் குடும்பம்தான்.

விதை எடுக்க, பூ முழுக்க முடிந்து கதிர் அடியில் இருந்து பழுப்பாகிக் காய்கிறபோது வெட்டி, துணிப்பையில் போட்டு நிழலில் வையுங்கள். செடியிலேயே விட்டால் முதல் மழைத்துளிக்குப் பட்டென்று வெடித்துச் சிதறிவிடும். காய்ந்த கதிரைத் தட்டில் வைத்து, மேலே மெல்லிய துணி மூடி, லேசாகத் தண்ணீர் தெளித்தால் அதுவே வெடித்து விதையைக் கொடுத்துவிடும், பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும். ஒரு காயில் அதிகம் போனால் நாலு விதை. தட்டையாக இருக்கும், நனைந்தால் வழவழவென்று ஒட்டும். அந்த விதையை எடுத்து வைக்காமல் அன்றே விதைத்துவிடுவது நல்லது. ஆடி முதல் புரட்டாசி வரை சரியான காலம். குழித்தட்டில் மேலாகத் தூவி மெல்லிசாக மூடினால் போதும். எல்லாம் ஒரே நாளில் முளைக்காது, இரண்டு மூன்று வாரம் முன்னே பின்னே வரும், முளைக்கவில்லை என்று தட்டைக் கவிழ்த்துவிடாதீர்கள். இரண்டு மாத நாற்றாக எடுத்து, பாத்தியில் இரண்டு அடிக்கு ஒரு அடி இடைவெளியில் நடலாம், பைக்கு ஒன்று போதும்.

சரம்:

பறிப்பது பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். கதிரில் கீழே இருந்து மேலே வரிசையாக மலரும், மலர்ந்த பூ செடியிலேயே ஒன்றிரண்டு நாள் வாடாமல் நிற்கும், அதனால் தினமும் பறிக்க வேண்டாம், ஒருநாள் விட்டு ஒருநாள் விடிகாலையில் பறித்தால் போதும். பூவை மட்டும் மெல்ல உருவி எடுங்கள், காம்பு மாதிரி இருக்கும் குழல் முழுசாக வர வேண்டும், அது இருந்தால்தான் நாரில் நிற்கும். கதிரைக் கிள்ளிவிட்டால் மேலே இருக்கும் மொட்டெல்லாம் போச்சு. பூத்து முடிந்த கதிரை மட்டும் அடியோடு வெட்டிவிடுங்கள், அந்தக் கணுவில் இருந்து புதுக்கதிர் வரும். விதைக்கு வேண்டிய ஒன்றிரண்டு கதிரை நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 15,000 பூ நிற்கும், அவ்வளவு லேசு. முகூர்த்த மாதத்தில் விலையைக் கேட்டு ஆச்சரியப்படுகிறவர்கள் அதைப் பறித்த கைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். பறித்ததை ஈரத்துணியில் தளர்வாகச் சுற்றி வையுங்கள், தண்ணீரை அள்ளித் தெளிக்காதீர்கள், இதழ் ஒட்டிக்கொண்டு கிழியும். வாசனை இல்லாத பூ என்பதால் கட்டும்போது இடையிடையே மரிக்கொழுந்தோ மல்லிகையோ வைப்போம்.

காவிரிக்கரை:

சரம் அக்காவுக்கும் பண்ணைக்காரருக்கும் நன்றி. நல்ல செடிகளில் இருந்து இன்றே நுனி வெட்டப் போகிறேன், மதிலோரம் செண்டுமல்லி போடுகிறேன். ஒரே ஒரு கேள்வி, செண்டுமல்லியில் கட்டைச் செடி நல்லதா, உயரச் செடி நல்லதா?

நாற்றுப்பண்ணை:

இரண்டும் வேலை செய்யும். வேர்க்காய நூற்புழுவுக்குக் கட்டையாக வளர்கிற பிரெஞ்சு வகை நல்லது, நெருக்கமாகவும் நடலாம், முக்கால் அடிக்கு ஒன்று போதும். பூச்சரத்துக்கு வேண்டுமென்றால் உயர வகையை ஒரு வரிசை மதில் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பிடுங்கின செடிகளின் வேர் மண்ணில் மிச்சம் இல்லாமல் ஒருமுறை நன்றாகக் கிளறிப் பொறுக்கிவிட்டு நடுங்கள், அந்த அறுந்த வேருக்குள்தான் நூற்புழு உட்கார்ந்திருக்கும்.